காற்று நின்ற ஆடி

போன மாதம் ஒரு கையெழுத்துப் போடப் பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஆள் ஓய்வு பெற்றாலும் கையெழுத்து ஓய்வு பெறுவதில்லை. என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண், புதிதாக வந்த கருவி ஒன்றை எடுத்துக் காட்டினாள். கைபேசி அளவுதான் இருக்கிறது. அதிலிருந்து ஒரு வயர் தொங்குகிறது. வயரின் நுனியைத் தண்ணீரில் விட்டால், அந்தத் தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று திரையில் எண் வந்துவிடுகிறது. "இது இல்லாம நீங்கல்லாம் எப்படி மேடம் சமாளிச்சீங்க? எழுதிக் குடுங்களேன்" என்றாள். அந்தக் காலம் போல வருமா என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருந்தால், பாவம், அவள் ஏமாறத்தான் வேண்டும். கருவியைப் பார்த்ததும் எனக்கு வந்தது நிம்மதிதான். அப்பாடா, இனிமேல் எந்தப் பெண்ணும் கூடை நிறைய ரசாயன பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு, டவுன் பஸ் குலுங்கும்போதெல்லாம் சாமியைக் கூப்பிட வேண்டியதில்லை.

நான் மீன்வளத் துறையில் சார் ஆய்வாளராக இருந்தவள். கடல் இல்லாத செஞ்சியில் மீன் துறைக்கு என்ன வேலை என்று என்னைப் பெண் பார்க்க வந்தவர்களே கேட்டார்கள். எங்கள் ஏரிகளைத் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஐப்பசி மழையில் ஏரி நிறையும். நாங்கள் மீன் குஞ்சு கொண்டுவந்து விடுவோம். கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் கலந்து வளரும். குத்தகை எடுத்தவர்கள் பிடித்து விற்பார்கள். கேட்க இவ்வளவுதான். நடுவில் எத்தனை இடத்தில் மூச்சு நின்று வரும் என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விடுதியில் சாம்பார் நன்றாக இருந்தது. மீன்களின் லத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினோம். எழுதிவிட்டு வெளியே வரும்போதே பாதி மறந்துவிட்டது. நான் வேலை கற்றுக்கொண்டது தணிகாசலம் சாரிடம்தான். அவர்தான் எங்கள் ஆய்வாளர்.

ஒல்லியான மனிதர். மழையோ வெயிலோ கையில் குடை இருக்கும். மொபெட்டில் போகும்போதும் குடையைக் கைப்பிடியில் மாட்டியிருப்பார். யாரையும் "ங்க" போடாமல் பேச மாட்டார். வலை இழுக்கிறவரானாலும் சரி, அவருடைய பத்து வயசுப் பையனானாலும் சரி, எல்லாருக்கும் ஒரே மரியாதைதான். தலை போகிற அவசரம் என்றாலும் ஓடமாட்டார். முதல் ஒரு வருஷம் எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. கரையில் நின்றுகொண்டு எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மாட்டார். "தண்ணிய எடுத்துப் பாத்துட்டு சொல்றேங்க" என்பார். கலெக்டர் ஆபீசிலிருந்து போன் வந்தாலும் அதே பதில்தான்.

ஒருமுறை மீன் குஞ்சு விடப் போயிருந்தோம். குஞ்சுகள் ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பைகளில் வரும். வழியெல்லாம் வெயிலில் வந்த குஞ்சுகள் தவிக்கின்றனவே என்று நான் அவசரமாகப் பையை அவிழ்க்கப் போனேன். சார் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். கட்டிய பையை அப்படியே ஏரியில் மிதக்க விட்டுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏரித் தண்ணீர் அவ்வளவு லேசில் சூடாகாது, அவ்வளவு லேசில் குளிராது, அந்த நிதானத்தை நம்பித்தான் மீன் உயிரோடு இருக்கிறது என்றார். பைத் தண்ணீரும் ஏரித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரட்டும், பிறகு வாயைத் திறந்தால் குஞ்சுகள் தாங்களாகவே நீந்திப் போகும் என்றார். அப்படித்தான் போயின. நான் கொட்டியிருந்தால் பாதி மிதந்திருக்கும்.

இனி அந்த பாட்டில். ஆக்சிஜன் பார்க்கிற பாட்டிலுக்குக் கண்ணாடி மூடி. அதைத் தண்ணீருக்குள் சாய்த்து, 'களக் களக்' என்று சத்தம் வராமல் நிரப்ப வேண்டும். சத்தம் வந்தால் வெளிக்காற்று கலந்துவிட்டது என்று அர்த்தம், கொட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டியதுதான். கடுகளவு குமிழி இருந்தாலும் சார் பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பார். நிரம்பியதும் இரண்டு ரசாயனத்தை ஒன்றன்பின் ஒன்றாக, பிப்பெட் முனை தண்ணீருக்குள் இருக்கும்படி விட வேண்டும். மூடியைப் போட்டுத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலக்க வேண்டும். பிறகு அப்படியே விட்டால் அடியில் கெட்டியாக ஒன்று படியும். அது பழுப்பாக இருந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறது. பழுப்பு ஏற ஏற நல்லது. வெள்ளையாக இருந்தால் இல்லை. துல்லியமான கணக்குக்கு அலுவலகத்துக்கு எடுத்துவந்து ஆசிட் விட்டு மேற்கொண்டு பார்ப்போம். ஆனால் மீன் பிழைக்குமா சாகுமா என்பதற்கு அந்தப் படிவின் நிறமே போதும்.

படிகிற நேரம் முழுக்க சார் பாட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "பாத்துகினே இருந்தா நமக்கு எது வேணுமோ அந்த நிறம்தாங்க தெரியும்" என்றார்.

அந்த வார்த்தை எனக்கு உறைத்தது அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆடியில்தான்.

செஞ்சியிலிருந்து பனமலை போகிற பக்கம் ஒரு சின்ன ஏரி. ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஏரி மீனை வருஷக்கணக்காக ஏகாம்பரம் என்பவர்தான் குத்தகை எடுத்துவந்தார். ஊரில் நிலபுலன் உள்ளவர். ஏரிக்கரையை ஒட்டியே அவருக்குக் கிணறும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலை போட்ட கொல்லையும் இருந்தன. அந்த வருஷம் முதல்முறையாகக் குத்தகை காலனிப் பெண்களின் குழுவுக்குப் போனது. குழுத் தலைவி அஞ்சலை. ஊர்க்காரர்கள் கொல்லையில் களை எடுத்து, மல்லாட்டை பிடுங்கிப் பிழைத்தவள். குத்தகை முடிவான கூட்டத்தில் ஒருவர் எழுந்து, நாத்து நடுகிறவர்களுக்கு மீன் வளர்க்கத் தெரியுமா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை. நானும் அதுபோல ஒரு தெருவில் பிறந்தவள்தான். எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பெண்கள் முறை வைத்து ஏரியைக் காவல் காத்தார்கள். தவிடும் பிண்ணாக்கும் போட்டார்கள். ஆடியில் ஏரி வற்றி நடுப்பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. மீன் அத்தனையும் அதற்குள்தான். ஆவணியில் பிடித்து விற்றுவிட வேண்டும், புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் மீனை யார் சீந்துவார்கள் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மீன் செத்தால் நஷ்டத்தோடு போகாது. நாத்து நடுகிறவர்கள் என்ற பேச்சு மறுபடி கிளம்பும். அதன்பிறகு அந்த ஏரி அவர்கள் கைக்கு வரவே வராது. இது அஞ்சலைக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கூழ் ஊற்றும் திருவிழா முடிந்த சில நாளில், விடிந்தும் விடியாததுமாக அஞ்சலையிடமிருந்து போன். "மேடம், மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. பெருசு ரெண்டு செத்து மெதக்குது. அந்தாளு மருந்து கலந்துட்டான் மேடம்" என்றாள். எந்த ஆள் என்று நான் கேட்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே நம்பினேன். நம்புவதற்கு எனக்கு ஆசையாகவும் இருந்தது.

சாரோடு போய்ச் சேர்ந்தபோது கரையில் இரண்டு கும்பல் நின்றது. ஒரு பக்கம் காலனி, ஒரு பக்கம் ஊர். போலீசுக்குச் சொல்லிவிட்டதாக ஒருவர் சொன்னார். வரட்டும் பார்க்கலாம் என்று எதிர்ப்பக்கத்தில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார். ஏகாம்பரம் நடுவில் நின்றுகொண்டிருந்தார். தலையிலும் சட்டையிலும் மண். அஞ்சலை மண்ணை வாரி இறைத்துச் சாபம் விட்டிருக்கிறாள். அவர் அதைத் தட்டிக்கூட விடாமல் நின்றார். அந்த நிற்பு எனக்குத் திமிராகத் தெரிந்தது.

சார் இறங்கி, குடையை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல நடந்துதான் வந்தார். இரண்டு பக்கத்துக்கும் ஒரு வணக்கம் வைத்தார். அஞ்சலை அவர் முன்னால் வந்து, மருந்து கலந்திருக்கிறது என்று இப்போதே எல்லார் முன்னாலும் சொல்லுங்கள் என்றாள். அவர் பின்னால் நின்ற நானும் மனசுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். "தண்ணிய எடுத்துப் பாத்துட்டு சொல்றேங்க" என்றார் சார்.

நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் காலையிலேயே வெதுவெதுவென்று இருந்தது. பாசி ஏறிக் கரும்பச்சையாக நின்றது. ஒரு அலை இல்லை. எங்கே பார்த்தாலும் மீன் வாய்கள். வட்ட வட்டமாகத் திறந்து மூடிக்கொண்டு, என் காலுக்கருகில் வந்தும் பயந்து விலகவில்லை. பார்க்க முடியவில்லை எனக்கு. அவசரத்தில் முதல் பாட்டிலில் குமிழி விழுந்துவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி எடுத்தேன். ரசாயனம் இரண்டையும் விட்டு, கலக்கி, கரையில் ஒரு கல்மேல் வைத்தேன். சார் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குடையை விரித்தார். அத்தனை பேரும் ஒரு பாட்டிலைச் சுற்றி நின்றார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சார் திரும்பிப் பார்த்து, "நீயே சொல்லும்மா" என்றார். முதல்முறையாக என்னை "நீ" என்றார்.

வெள்ளை. சுண்ணாம்பு மாதிரி வெள்ளை.

"யாரும் எதையும் கலக்கலீங்க. தண்ணியில காத்து இல்ல. அதான் மீனு தவிக்குது" என்றார் சார்.

தண்ணிக்குள் ஏது காற்று என்று கூட்டத்தில் கேட்டார்கள். சார் பொறுமையாகச் சொன்னார். டீயில் போட்ட சர்க்கரை கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருப்பதுபோல் தண்ணீரில் காற்று கரைந்திருக்கிறது, மீன் அதைத்தான் மூச்சாக இழுக்கிறது. சூடான தண்ணீர் காற்றைக் கொஞ்சம்தான் பிடித்துவைக்கும். காற்று அடித்து அலை எழும்பினால்தான் புதிதாகக் கரையும். பாசி வெயில் உள்ளவரை காற்றைக் கொடுக்கும், இருட்டினால் அதற்கே காற்று வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, இந்த வாரம் ஒரு இலை அசைந்ததா, ஒரு நாளாவது வெயில் முகம் காட்டியதா என்று கேட்டார். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். வானம் மூடிக் கிடந்தது. மருந்தாக இருந்தால் எல்லா மீனும்தான் சாகும், அதோ பாருங்கள் என்று காட்டினார். ஒரு விரால் மேலே வந்து, வெளிக்காற்றை ஒரு வாய் குடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் உள்ளே போனது. விராலுக்கு வெளிக்காற்றைக் குடிக்கவும் தெரியும். கட்லாவுக்குத் தெரியாது.

ஏகாம்பரம் எல்லாவற்றையும் கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். கேவலப்படுத்திவிட்டோம், போகிறார், போகாமல் என்ன செய்வார் என்று நினைத்தேன்.

சும்மா நிற்க முடியாத சனம் ஆளுக்கொரு யோசனை சொன்னது. எருமைகளை உள்ளே ஓட்டிவிட்டால் தண்ணீர் கலங்கிக் காற்று ஏறும் என்று ஒருவர் ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார். சார் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். அடிச்சேற்றில் அழுகல் இருக்கிறது, அதைக் கிளப்பினால் இருக்கிற கொஞ்சம் காற்றும் போய்விடும், மேல் தண்ணீரை மட்டும் தொடுங்கள் என்று கத்தினார். பெண்கள் கரையோரம் நின்று தென்னை மட்டைகளால் தண்ணீரை அடிக்கத் தொடங்கினார்கள். நானும் அடித்தேன். அடிக்க அடிக்க, இது யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று எல்லாருக்கும் தெரிந்தது. அஞ்சலை மட்டும் நிறுத்தாமல் அடித்தாள். இன்னொரு கட்லா வயிறு திரும்பி மிதந்தது. பெரிய மீன்தான் முதலில் போகும்.

அப்போது ஏகாம்பரத்தின் கொல்லைப் பக்கமிருந்து வண்டி வந்தது. மாட்டு வண்டியில் ஆயில் என்ஜின், ரப்பர் ஹோஸ், கூடவே ஒரு சுமை பனமட்டை. ஏகாம்பரம்தான் ஓட்டி வந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. கிணற்றிலிருந்து இறைத்துவிடவா என்று சாரிடம் கேட்டார். கிணற்றுத் தண்ணீரிலும் காற்று கம்மிதான், ஏரியின் மேல் தண்ணீரையே உறிஞ்சி உயரத்திலிருந்து மட்டைமேல் கொட்டுங்கள், உடைந்து சிதறி விழும்போது காற்றை வாங்கிக்கொள்ளும் என்றார் சார். மட்டைகளைச் சரிவாகக் கட்ட ஆள் வேண்டியிருந்தது. காலனி ஆண்கள் போனார்கள். ஊர்க்காரர்கள் போனார்கள். ஹோஸின் ஒரு முனையை ஏகாம்பரம் பிடிக்க, மறுமுனையை அஞ்சலை பிடித்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தண்ணீர் மட்டைமேல் விழுந்து தெறித்த இரைச்சலில் பேசினாலும் கேட்டிருக்காது.

கொட்டுகிற இடத்துக்கு மீன்கள் தாங்களாகவே வந்து கூடின. யாரும் ஓட்டவில்லை, அழைக்கவில்லை. மூச்சு எங்கே இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. வெயில் ஏறும் நேரத்துக்கு மேகமும் கொஞ்சம் கிழிந்தது. பச்சைத் தண்ணீர்மேல் வெயில் விழுந்தது. மேலே இருந்த வாய்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. ஒரு நேரத்தில் பார்க்கிறேன், ஏரிமேல் ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீர். அவ்வளவு அழகான வெறும் தண்ணீரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. போலீஸ் ஜீப் வந்தது, டீ குடித்தது, போனது.

மறுபடி பாட்டில் எடுத்தேன். இந்த முறை நானும் சாரோடு சேர்ந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். திரும்பியபோது பாட்டிலின் அடியில் மங்கலான பழுப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. யார் பார்த்தால் என்ன என்று அழுதேன்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். சாருக்கு முடியவில்லை. காற்று நின்றதால் மட்டும் இவ்வளவு தூரம் போயிருக்காது, தண்ணீரில் புளித்த வாடை வருகிறதே என்று அஞ்சலையிடம் தணிந்த குரலில் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். கூழ்தான் என்று உடனே விளங்கிவிட்டது, முழு விவரம் அப்புறம்தான் தெரிந்தது. திருவிழாவில் மிஞ்சிய கூழை வீடு வீடாகக் கேட்டு வாங்கி, மீனும் நம்ம பிள்ளைகள்தானே, ஆத்தா பிரசாதம் தின்று கொழுக்கட்டும் என்று அண்டா அண்டாவாக ஏரியில் ஊற்றியிருக்கிறார்கள். கூழ் புளித்து அழுகும்போது தண்ணீரிலிருக்கும் காற்றைத் தின்னும். யாருக்கு அது தெரியும்? அஞ்சலை என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினேன். சாரிடம் தனியாகச் சொல், ஊர் முன்னால் சொல்லாதே. குத்தகைக் கூட்டத்தில் நாத்து நடுகிறவர்கள் என்று எழுந்து பேசிய அந்தப் பேச்சுக்காரர் பத்தடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார்.

அஞ்சலை கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"நாங்க ஊத்துன கூழுதான் சார். அந்தாளு மேல மண்ண வாரிப் போட்டேன். மீனக் கொன்னது நான்தான்" என்றாள். ஒரு எழுத்தைக்கூட விழுங்காமல் சொன்னாள்.

பேச்சுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். நம் கதை முடிந்தது என்று நினைத்தேன். என்ஜின் பக்கத்தில் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்த ஏகாம்பரம், தலையைத் தூக்காமலே பேசினார்.

"எங்க வூட்லேர்ந்து ரெண்டு கொடம் வாங்கினு போனியே. அதுவும்தான அதுல இருக்குது. நீ மட்டும் இன்னாத்துக்குத் தலைய நீட்ற?"

அந்தத் திருவிழாவில் கூழ் கொடுக்காத வீடு ஊரில் ஒன்றுகூடக் கிடையாது. கரையில் நின்ற ஒவ்வொருவரும் தன் வீட்டுக் குடத்தை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பேச்சுக்காரரும் நினைத்துப் பார்த்தார் போலிருக்கிறது, வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஆவணியில் அவர்கள் மீன் பிடித்தார்கள். அடுத்த குத்தகை பேசிய கூட்டத்தில் நான் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். குழுவின் பெயரைப் படித்தார்கள். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.